சேலத்துப் பழங்களை வச்சு கிரானி ஸ்கொயர் தோள் பை: கொய்யா மட்டும் குழியுது, கொஞ்சம் சொல்லுங்க

மலைப்பாதை20 (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கம். குரோஷாவில் ஒரு தோள் பை பின்ன ஆரம்பிச்சு பாதியில் நிக்கிறேன். கிரானி ஸ்கொயர்னா நடுவிலிருந்து சுத்திச் சுத்திப் பின்னற சதுரக் கட்டம். முன்பக்கம் 9 கட்டம், பின்பக்கம் 9 கட்டம், ஒவ்வொண்ணும் 12 செ.மீ. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பழம்.

வீடியோக்களில் வர்ற பழப் பை எல்லாத்துலயும் கிவி, ஸ்ட்ராபெர்ரி, எலுமிச்சைதான். இந்தப் பை எங்க அம்மாவுக்கு. அவங்க ஏரிப் பக்கம் தள்ளுவண்டியில் பழம் விக்கிறாங்க. இத்தனை வருஷம் அவங்க கையால எடை போட்ட பழத்தை விட்டுட்டு கிவியைப் பின்ன எனக்கு மனசே வரலை. அதனால கமலா ஆரஞ்சு, கொய்யா, பேரி, பட்டர் ஃப்ரூட், பலா, அடிவாரத்துக்காக ஒரு மல்கோவா. ஆறு பழம், ஒவ்வொண்ணும் மூணு கட்டம்.

நூல் 4 பிளை பருத்தி, ஊசி 3.5 மி.மீ. ஆரஞ்சு தட்டையா அழகா வந்துடுச்சு. வளையத்துக்குள்ள 12 டபுள் குரோஷே, அடுத்த சுத்து 24, அடுத்தது 36, அப்புறம் சதுரமாக்குற சுத்து, கடைசியா கிரீம் நிறத்தில் ஓரம். கொய்யாவுக்கும் அதே 12, 24, 36தான். ஆனா கிண்ணம் மாதிரி குழிஞ்சு நிக்குது, இஸ்திரி போட்டாலும் படியலை, அளவும் பெரிசு. கொய்யாவை மட்டும் எங்க பெரியம்மாவோட பழைய பின்னல் புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன். என் கை இறுகிடுச்சா, நூல் மாறிடுச்சா, ஒண்ணும் புரியலை.

நூல்கண்டு (அஸ்தம்பட்டி)

கண்ணு, கை மேல சந்தேகப்படாதே. அந்தப் புத்தகத்தில் தையலுக்கு என்ன பேர் போட்டிருக்கு, டபுளா, ட்ரெபிளா?

மலைப்பாதை20

ட்ரெபிள்னு இருக்குங்க அக்கா. அதனால ஊசியில் ரெண்டு தடவை நூலைச் சுத்திட்டுப் போட்டேன்.

நூல்கண்டு

அதேதான். உங்க பெரியம்மா புத்தகம் இங்கிலாந்து வழக்கு. நீ பார்த்த வீடியோ அமெரிக்க வழக்கு. இங்கிலாந்துக்காரங்க ட்ரெபிள்னு சொல்றதும் அமெரிக்காக்காரங்க டபுள்னு சொல்றதும் ஒரே தையல், ஊசியில் ஒரு தடவைதான் நூல் சுத்தணும். அவங்க டபுள்னா அது இவங்களுக்கு சிங்கிள். நம்ம ஊர் கான்வென்ட்களில் கத்துக்கிட்டவங்க பலரும் இங்கிலாந்து வழக்கில்தான் பேசுவாங்க, இப்ப கத்துக்கிறவங்க வீடியோ வழக்கில் பேசுறாங்க. நான் ஒரு தொப்பியை மூணு தடவை பிரிச்ச பிறகுதான் இதைக் கண்டுபிடிச்சேன். எந்தக் குறிப்பை எடுத்தாலும் அதில் "சிங்கிள் குரோஷே"ங்கிற வார்த்தை இருக்கான்னு முதல்ல தேடு. இருந்தா அமெரிக்க வழக்கு, ஏன்னா இங்கிலாந்துக் குறிப்பில் அந்தப் பேர் பெரும்பாலும் வராது.

ஏன் குழிஞ்சதுன்னும் சொல்லிடறேன். வட்டம் தட்டையா படுக்கணும்னா தையலோட உயரத்துக்கு ஏத்த மாதிரி ஓரம் அகலமாகணும். வீடியோ வழக்கில் சொன்னா, சிங்கிளுக்கு ஒரு சுத்துக்கு 6 கூடணும், டபுளுக்கு 12, உயரமான ட்ரெபிளுக்கு 16லிருந்து 18. நீ ட்ரெபிள் உயரத்தில் பின்னி 12தான் கூட்டியிருக்கே. ஓரத்துக்கு எடம் போதாம உள்ள இழுத்து கிண்ணமாயிடுச்சு. மாறா, அளவுக்கு மேல கூட்டினா ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையடிக்கும். இது ரெண்டையும் இஸ்திரிப் பெட்டியால சரி பண்ணவே முடியாது, பிரிச்சுடு.

மலைப்பாதை20

பிரிச்சுட்டேன் அக்கா! ஒரு சுத்து நூல் போட்டுப் பின்னினேன், அப்படியே தட்டையா படுத்துடுச்சு. அளந்தேன், சரியா 12 செ.மீ. ஒரு வாரமா எனக்குத்தான் பின்னல் வரலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். பெரியம்மாகிட்ட போன்ல சொன்னப்ப, "அடியே, எங்க சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ட்ரெபிள்தான் ட்ரெபிள்"னு அடிச்சுச் சொல்றாங்க.

கொய்யா இப்போ இப்படி இருக்கு: நடுவில் 12 கரும் ரோஸ், 24 இளம் ரோஸ், 36 வெளிர் மஞ்சள், சதுரச் சுத்து பச்சை. விதைக்கு கிரீம் நூலில் முடிச்சுத் தையல். வெள்ளைக் கொய்யாவா சிவப்புக் கொய்யாவான்னு யோசிச்சேன், தூரத்தில் இருந்து பார்த்தா சிவப்புதான் கொய்யான்னு தெரியுது.

புதுசா கத்துக்கிறேன் (ஓமலூர்)

வட்டத்தைச் சதுரமாக்குற அந்தச் சுத்துதான் எனக்கு எப்பவும் கோணலா போகுது. யாராவது எண்ணிக்கையோட சொல்லுங்களேன்.

நூல்கண்டு

வீடியோ வழக்கிலயே சொல்றேன். 36 தையல், நாலு பக்கம், பக்கத்துக்கு 9. அந்த 9ல முதல் தையல் மூலை: அதுக்குள்ளயே 2 ட்ரெபிள், 2 சங்கிலி, 2 ட்ரெபிள். மிச்சம் 8ல வரிசையா டபுள், அரை டபுள், நாலு சிங்கிள், அரை டபுள், டபுள். மூலைக்கு உயரம், நடுவுக்குக் குட்டை, அவ்வளவுதான் சூட்சுமம். இப்ப ரெண்டு மூலைக்கு நடுவில் 12 தையல் இருக்கும். அதுக்கு மேல கிரீம் சுத்து, தையலுக்கு ஒரு டபுள், மூலைச் சங்கிலியில் 2 டபுள், 2 சங்கிலி, 2 டபுள். பக்கத்துக்கு 16 ஆகும்.

இந்த 16ஐ மட்டும் விடாதீங்க. உள்ளே ஆரஞ்சு இருக்கட்டும், பலா இருக்கட்டும், ஓரத்தில் 16 வந்தா எந்தக் கட்டமும் எந்தக் கட்டத்தோடயும் சேரும்.

மலைப்பாதை20

ஆரஞ்சுச் சுளைக் கோடு எத்தனை போடறதுன்னு அம்மாகிட்ட மூணு பழம் வாங்கி உரிச்சு எண்ணினேன். 9, 10, 11. பத்து போடலாம்னு பார்த்தா 36ஐப் பத்தால வகுக்க முடியாது. ஒன்பது போட்டேன், நாலு தையலுக்கு ஒரு வெள்ளைக் கோடு, மேலாப்ல சங்கிலித் தையல். அந்த ஒன்பது சுளைப் பழம் நெசமாவே என் கையில் இருந்தது, அதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

பட்டர் ஃப்ரூட்டும் மாங்காவும்தான் இப்ப பிரச்சனை. ரெண்டுமே வட்டம் இல்லையே. பட்டர் ஃப்ரூட்டை நீளவாக்கில் பின்னினா பக்கத்துக்கு 16 வரவே மாட்டேங்குது.

நூல்கண்டு

பட்டர் ஃப்ரூட்டைக் குறுக்கே வெட்டிப் பாரு. வட்டம்தான். நடுவில் கொட்டை 12 பழுப்பு, 24 வெண்ணெய் மஞ்சள், 36 இளம்பச்சை, சதுரச் சுத்து கரும்பச்சை. பேரிக்கு இது ஆகாது, குறுக்கே வெட்டினா வெறும் வெள்ளை வட்டம், யாருக்கும் தெரியாது. பேரியைத் தனியா பின்னி வெறும் கிரீம் கட்டத்து மேல வச்சுத் தைச்சுடு.

மலைப்பாதை20

குறுக்கே! அக்கா, உங்களுக்கு ஒரு கூடை பழம் அனுப்பணும்.

மாங்காவுக்கு அம்மாவோட பட்டுச் சேலையில் இருக்கிற மாங்காய் புட்டாவைப் பார்த்து ஒண்ணு பின்னினேன். மஞ்சள் நூல், நுனி மட்டும் வளைஞ்சு. படம் கீழே.

கிளிமூக்கு (அயோத்தியாப்பட்டணம்)

அக்கா, பின்னல் ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா இதை மல்கோவான்னு சொன்னா என்னால சும்மா இருக்க முடியலை, எங்க வீட்டில் மாந்தோப்பு. மல்கோவா உருண்டை, நல்லா புடைச்ச உருண்டை. மூக்கு இருக்கிறதே தெரியாது. பழுத்தாலும் முழு மஞ்சள் ஆகாது, பச்சை கலந்த மஞ்சள்தான், வெயில் பட்ட தோள் பக்கம் லேசா சிவப்பு ஏறும். நீங்க பின்னினது பெங்களூரா, நாங்க கிளிமூக்குன்னு சொல்றது. அது கூழ் தொழிற்சாலைக்கு லாரி லாரியா போற பழம். அதுவும் நல்ல பழம்தான், ஆனா மல்கோவா வேற. சேலம்னு பேர் சொல்லி ஒரு மாம்பழம் வச்சா அதோட உருவம் சரியா இருக்கணுங்க.

அம்மாப்பேட்டை தறி (சேலம்)

தம்பி சொல்றது தோப்புக்குச் சரி. துணிக்கு அப்படி இல்லை. நாங்க சேலையில் போடற மாங்காய் எந்த ரகமும் இல்லை, அது ஒரு வடிவம். மூக்கு வளைஞ்சாத்தான் பார்க்கிறவங்க கண்ணுக்கு மாங்காய். உருண்டையா மஞ்சளா ஒண்ணு வச்சா சாத்துக்குடியான்னு கேப்பாங்க. பின்னல் வேலைக்கு அடையாளம்தான் முக்கியம், நான் மூக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளிமூக்கு

அண்ணா, மூக்கு இல்லாமலும் அடையாளம் காட்டலாம். காம்பு நட்ட நடுவில் வராம ஒரு ஓரமா சாயணும், காம்புப் பக்கத்துத் தோள் ஒண்ணு தூக்கலா இருக்கணும். ரெண்டு மாவிலை நீளமா வச்சுடுங்க. சாத்துக்குடிக்கு அந்த இலை கிடையாது.

மலைப்பாதை20

ரெண்டையும் பின்னி அம்மா முன்னாடி வச்சேன், எது என்னன்னு நான் எதுவும் சொல்லலை. வளைஞ்சதைப் பார்த்து "கிளிமூக்கு"ன்னாங்க. உருண்டையைக் கையில் எடுத்து, தோள் பக்கம் நான் வச்ச சிவப்பு நூலைத் தடவிப் பார்த்துட்டு, "இது மல்கோவா, இன்னும் ரெண்டு நாள் வைக்கோல்ல இருக்கணும்"னாங்க. ரெண்டு கட்டம் மல்கோவா, ஒண்ணு கிளிமூக்கு. முடிவாயிடுச்சு.

காபிப்பூ (நாகலூர்)

ஏற்காட்டுப் பைன்னு சொல்லிட்டு காபியை விட்டுட்டீங்களே! காபியும் பழம்தான், நாங்க எஸ்டேட்டில் "பழம் பறிக்கப் போறோம்"னுதான் சொல்வோம். நீங்க போட்டிருக்கிற பேரி, ஆரஞ்சு, எங்க காபி எல்லாம் ஒரே கை வச்சது. 1820களில் சேலத்தில் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் மலைக்குக் கொண்டாந்தார்னு சொல்வாங்க. பலாவுக்கும் பேரிக்கும் எடம் கொடுத்த பையில் காபிக்கு எடம் இல்லைன்னா எனக்கு வருத்தமா இருக்கும்.

தனிக் கட்டம் வேண்டாம். நாலு கட்டம் சேர்ற மூலையில் எப்பவும் ஒரு பொத்தல் விழும் இல்ல? அதில் சிவப்பு நூலில் ஒரு பாப்கார்ன் தையல் வைங்க. ஒரே எடத்தில் 5 டபுள் போட்டு முதல் தையலையும் கடைசித் தையலையும் சேர்த்து இழுத்தா உருண்டு வரும், காபிப் பழம் கணக்கா. காபிச் செடியிலும் பழம் கணுவில்தான் கொத்தும்.

மலைப்பாதை20

ஒரு பக்கத்துக்கு நாலு பொத்தல், ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு பழம். வச்சுட்டேன். பொத்தலும் அடைஞ்சது, காபியும் வந்தது. அதே பாப்கார்னைப் பச்சையில் போட்டுத்தான் பலாமுள்ளும் பின்னியிருக்கேன். மத்த கட்டமெல்லாம் 14 கிராம் நூல் எடுக்க, பலா மட்டும் 20 கிராம் இழுத்துடுச்சு, பின்றவங்க பச்சை நூலைக் கூடுதலா வாங்கிக்குங்க.

ஆனா சிவப்பைப் பார்த்ததும் ஒரு பயம். ஈரத் துணி வச்சு அழுத்தினா லேசா ரோஸ் இறங்குது. உப்புத் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊற வச்சேன். போதுமா?

அம்மாப்பேட்டை தறி

தங்கச்சி, உப்பு வேண்டாம். வினிகரும் வேண்டாம். இதை எல்லா வீட்டிலயும் சொல்றாங்க, சாயப்பட்டறையில் வளர்ந்தவனா நான் சொல்றேன், கேட்டுக்குங்க. பருத்தி நூலுக்கு இப்ப பெரும்பாலும் போடுறது ரியாக்டிவ் சாயம். சாயத் தொட்டியில் உப்புப் போடறது சாயத்தை நூல் பக்கம் தள்ளுறதுக்கு. அப்புறம் சோடா போட்டாத்தான் சாயமும் நூலும் பிணையும். பிணைஞ்சது எத்தனை துவைச்சாலும் லேசில் வராது. பிணையாம மேலாப்ல ஒட்டி நிக்கிற மிச்சச் சாயம்தான் உங்க ஈரத் துணியில் இறங்குது. பட்டறையில் அதைச் சுடுதண்ணியும் சோப்பும் வச்சு அலசி எடுக்கணும், அந்த அலசலைச் சுருக்கிட்டா வாங்கினவங்க வீட்டில் இறங்கும். வீட்டு உப்பு அதைப் பிணைக்காது. வினிகர் பட்டு, கம்பளிக்குப் போடற அமிலச் சாயத்தோட சேர்ந்தது, பருத்திக்கு அதில் வேலையே இல்லை.

சிவப்பு, கரும்பச்சை, பழுப்பு, இந்த மூணையும் பின்றதுக்கு முன்னாடியே கண்டிலிருந்து சிட்டமா, அதாவது பெரிய வளையமா சுத்தி, நாலு எடத்தில் தளர்வா கட்டி, நல்ல சுடுதண்ணியில் சோப்புப் போட்டு அலசுங்க. தண்ணி தெளியற வரைக்கும் திரும்பத் திரும்ப. இப்ப பின்னி முடிச்சுட்டதால கரும் நிறக் கட்டங்களைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி தனித்தனியா அலசிப் பாருங்க. ஒண்ணு முக்கியம்: அலசினதை ஈரத்தோட மடிச்சு வைக்கவே கூடாது. நிறம் ஏறுறதெல்லாம் அந்த ஒரு ராத்திரியில்தான்.

மலைப்பாதை20

அஞ்சு தண்ணி ஆச்சு அண்ணா, ஆறாவது தெளிவு. ஆனா எங்க ஊரில் இப்ப மூணு நாளா மூடுபனி, கட்டம் காயவே இல்லை. ஈர வாடை அடிக்க ஆரம்பிச்சதும் பயந்து எல்லாத்தையும் டப்பாவில் போட்டு பஸ் ஏறி சேலத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோயிட்டேன். தெர்மாகோல் அட்டையில் 12 செ.மீ. சதுரம் வரைஞ்சு ஒவ்வொரு கட்டத்தையும் இழுத்துக் குத்தி வச்சேன். ஒரு மத்தியானம்தான், அப்பளம் மாதிரி காஞ்சுடுச்சு. குண்டூசி துருப்பிடிக்காததா பார்த்து வாங்குங்க, எனக்கு ஒரு பேரிக் கட்டத்தில் துருக்கறை விழுந்து அதைத் திரும்பப் பின்ன வேண்டியதாச்சு.

வயர்கூடை (ஆத்தூர்)

அம்மாடி, கைப்பிடி எப்படிப் போடப் போறே? நான் முப்பது வருஷமா வயர் கூடை பின்றவ. என் பேத்தி ஒரு நூல் பை வாங்கினா. பார்க்க அத்தனை லட்சணம், ரெண்டு புத்தகம் வச்சதும் கைப்பிடி இழுத்து முட்டிக்கு வந்துடுச்சு. கூடையில் நாங்க கைப்பிடியை விளிம்பில் ஒட்ட வைக்க மாட்டோம். கைப்பிடி வயர் உடம்போட ஓடி அடியிலிருந்து வரணும், அப்பத்தான் பாரத்தை அடி தாங்கும். உன் அம்மா பழம் தூக்குறவங்க, நெனப்பில் வச்சுக்கோ.

மலைப்பாதை20

பாட்டி, நீங்க சொன்னது சத்தியம். நான் மேல் விளிம்பில் வச்ச முதல் கைப்பிடி மூணு கிலோவுக்கே ஒரு சாண் இறங்கிடுச்சு. என்ன பண்ணட்டும்?

நூல்கண்டு

பாட்டி வழியிலயே போ. ஜோல்னாப் பையை யோசிச்சுப் பாரு. அதில் தோள்பட்டையும் பக்கமும் அடியும் ஒரே பட்டை. உன் பை 36 செ.மீ. சதுரம். ரெண்டு பக்கமும் அடியும் சேர்ந்து 108. தோளுக்கு 72. மொத்தம் 180 செ.மீ. ஒரே வளையம். அகலம் 6 செ.மீ. அதை அகலவாக்கில் குட்டி வரிசையா பின்னாதே. 180 செ.மீ. நீளத்துக்கும் சங்கிலி போட்டு நீளவாக்கில் சிங்கிள் வரிசையா பின்னு, அப்பத்தான் இழுவை குறையும். உள்பக்கம் பருத்தி நாடா வச்சு முழு வளையத்துக்கும் தைச்சுடு. நாடாக் கட்டிலுக்குப் போடுற மாதிரி கெட்டி நாடா. ஆள் படுத்தாலே தாங்குற நாடா, ஆரஞ்சைத் தாங்காதா?

அப்புறம் லைனிங். பையோட உள் அளவை விட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. சின்னதா தை. அப்பத்தான் பாரம் துணியில் உக்காரும், பின்னல் இழுபடாது.

வயர்கூடை

லைனிங்குக்குத் துணி வாங்காதே. வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த மஞ்சப்பை கெடக்குமே, அதைப் பிரிச்சுத் தைச்சுக்கோ. கெட்டித் துணி. எழுத்து உள்ளே போற மாதிரி திருப்பிப் போடு.

மலைப்பாதை20

நாலு மஞ்சப்பை கிடைச்சது. கிரீம் ஓரத்துக்கு நடுவில் மஞ்சள் லேசா எட்டிப் பார்க்கிறது பழத்துக்கெல்லாம் இன்னும் எடுப்பா இருக்கு.

புதுசா கத்துக்கிறேன்

கோடை விழா சமயத்தில் இதை வித்தா நல்லா போகும் அக்கா. எவ்வளவு சொல்லலாம்?

மலைப்பாதை20

நான் ஏரிப் பக்கம் உக்கார்ந்து பை பின்றதைப் பார்த்த ஒரு அம்மா 300 ரூபாய்க்குக் கேட்டாங்க. எனக்குக் கோபம் இல்லை, வருத்தமா இருந்தது. ஒரு கட்டத்துக்கு 50 நிமிஷம், 18 கட்டத்துக்கு 15 மணி நேரம். சேர்க்கிறது, வளையம், லைனிங் எல்லாம் இன்னொரு 12. நூல் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கு, இந்தக் கிரானி ஸ்கொயரைக் கைதான் பின்னியாகணும். கடையில் மலிவா தொங்குற குரோஷாப் பையும் யாரோ ஒருத்தர் கையால பின்னினதுதான். விக்கிறதா இருந்தா 27 மணி நேரத்துக்கும் கூலி போட்டுத்தான் விலை சொல்லுவேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க, தயவுசெஞ்சு குறைக்காதீங்க.

நூல்கண்டு

இதை நான் அப்படியே வழிமொழியறேன்.

மலைப்பாதை20

முடிஞ்சுது. கட்டங்களை முதுகோடு முதுகு சேர்த்து சிங்கிள் போட்டு இணைச்சேன், சின்ன வரப்பு மாதிரி தூக்கிட்டு நிக்குது, எனக்கு அது பிடிச்சிருக்கு. நேத்து அம்மா மாட்டிட்டுப் போனாங்க. சாப்பாட்டு டப்பா, தண்ணி, எடைக்கல், திரும்பி வரும்போது மிச்சப் பழம், எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்கு மேல இருக்கும். சாயங்காலம் வந்ததும் டேப் வச்சு அளந்தேன். பட்டை 1 செ.மீ.தான் இறங்கியிருக்கு.

வண்டிகிட்ட வந்த சின்னப் பையன் ஒருத்தன் பையில் ஒவ்வொண்ணா விரல் வச்சு பேர் சொன்னானாம். பட்டர் ஃப்ரூட்டுக்கு மட்டும் முழிச்சானாம். அம்மா ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் வச்சுக் காட்டினாங்களாம்.

ராத்திரி பையை மடியில் வச்சுத் தடவிட்டே இருந்தவங்க, திடீர்னு கேட்டாங்க: "எல்லாம் இருக்கு, சீதாப்பழம் எங்கடி?"

நூல்கண்டு

சீதாவுக்கு முதலைத் தையல் கத்துக்கோ கண்ணு. செதில் செதிலா ஒண்ணு மேல ஒண்ணு படியும், சீதாப்பழத் தோல் அப்படியே வரும். கீழிருந்து மேல பின்னிட்டுப் போகணும், முதல் வரிசைக்கு மூணு செதில் போதும். நூல் சாம்பல் கலந்த பச்சையா வாங்கு, பின்றதுக்கு முன்னாடி அலசிடு.